வண்டி ‘மிஸ்’ அடிச்சா முதல்ல என்ன பார்க்கணும்?

(வேங்கிக்காலில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்குத் தலைப்பு வண்டி இன்ஜின்னு போர்டுல எழுதினதும் பின்வரிசையில ரெண்டு பேர் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். போன மாசம் தவணை பாக்கி வச்ச குழுக்களோட காரணத்தை எழுதிக்கிட்டே வந்தப்ப, கல்யாணம், ஆஸ்பத்திரி, மழை இல்லைன்னு வழக்கமா வர்றதுக்கு நடுவுல “வண்டி ரிப்பேர்” என்ற காரணமும் மறுபடி மறுபடி வந்தது. வங்கி இணைப்புக் கடன்ல பழைய ஆம்னி வாங்கி, பௌர்ணமிக்கு ஆள் ஏத்தி, மத்த நாள்ல காய்கறி, தையல் துணின்னு ஓட்டுற குழுக்கள் நம்மகிட்ட இருக்காங்க. அந்த வண்டி நின்னா வருமானம் நிக்கும், தவணை மட்டும் நிக்காது. அதனால இது ஆம்பளைங்க சமாச்சாரம்னு ஒதுக்கி வைக்கிற விஷயம் இல்லை. கடன் நம்ம பேர்ல இருக்கு.

ஒரு சரித்திரச் செய்தி சொல்றேன். மோட்டார் காரைக் கண்டுபிடிச்ச கார்ல் பென்ஸ், 1886-இல் ஜெர்மனியில காப்புரிமை வாங்கினார். ஆனா அந்த வண்டி தூரம் போகும்னு ஊருக்குக் காட்டினது அவர் மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்ட் மாசம், கணவருக்கு முன்கூட்டிச் சொல்லாம, ரெண்டு மகன்களைக் கூட்டிக்கிட்டு மன்ஹைம் ஊர்ல இருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டுப் போனாங்க. வழியில எண்ணெய் போற குழாய் அடைச்சுக்கிச்சு. தொப்பியில குத்தியிருந்த ஊசியை எடுத்து குத்தி விட்டாங்க. தீப்பொறிக்குப் போற வயர்ல உறை தேஞ்சு கரண்ட் கசிஞ்சது. காலுறையைக் கட்டுற பட்டையைக் கழட்டிச் சுத்தினாங்க. எண்ணெய் வரத்து தடைபட்டது ஒண்ணு, தீப்பொறி கசிஞ்சது ஒண்ணு. நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னிக்கு நம்ம ஆம்னி மக்கர் பண்றது பெரும்பாலும் இதே ரெண்டு காரணத்துனாலதான். நம்ம பக்கத்துலயும் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அம்மா 1993-லயே அரசு பஸ் ஓட்ட வந்துட்டாங்க. ஸ்டியரிங் பிடிக்க முடிஞ்சா, அதுக்குக் கீழே என்ன இருக்குன்னும் தெரிஞ்சுக்க முடியும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

மாருதி வேன் 1984-இல் வந்தது, பிறகு ஆம்னின்னு பேர் மாறிச்சு. 2019-இல் தயாரிப்பு நின்னு போச்சு. அதனால இப்ப ரோட்ல ஓடுற ஆம்னி எல்லாமே வயசான வண்டிதான். மாருதி 800 காரும் அதே குடும்பம், 1983-இல் தொடங்கி 2014-இல் நின்னது. ரெண்டுக்கும் 796 சி.சி. இன்ஜின், மூணு சிலிண்டர். காருக்கு முன்பக்கம் பானெட்டைத் திறக்கணும். ஆம்னிக்கு முன் சீட்டைத் தூக்கினா இன்ஜின் கீழேயே இருக்கும். சீட்டைத் தூக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

சிலிண்டர்னா ஒரு சின்ன அடுப்புன்னு வச்சுக்குங்க. காத்தும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும், பிஸ்டன் அதை இறுக்கி அழுத்தும், பிளக் ஒரு தீப்பொறி போடும், படக்குனு எரிஞ்சு பிஸ்டனைக் கீழே தள்ளும், புகை வெளியே போகும். மறுபடி முதல்ல இருந்து. சும்மா நிக்கும்போது இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 900 சுத்து சுத்துதுன்னா, ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைன்னு ஒவ்வொரு சிலிண்டரும் நிமிஷத்துக்கு 450 தடவை எரியணும். மூணுக்கும் சேர்த்து 1350. இதுல ஒரு சிலிண்டர் எரியாம போனா 450 போச்சு, அதாவது பலத்துல மூணுல ஒரு பங்கு. அம்பாசிடர் மாதிரி நாலு சிலிண்டர் வண்டின்னா கால் பங்குதான் போகும். அதனால ஆம்னியில ஒரு சிலிண்டர் விட்டுப் போனா உடம்பெல்லாம் நடுங்கும், அதை மறைக்க முடியாது. இதைத்தான் மெக்கானிக் “மிஸ்ஸிங் அடிக்குது”ன்னு சொல்றார்.

எப்படித் தெரியும்? நிக்கும்போது வண்டி ஒரு தாளம் தப்பி உதறும். ஜவ்வாது மலை ஏத்தத்துல இழுக்காது. பெட்ரோல் வாசனை வரும், மைலேஜ் குறையும். சில நேரம் சைலன்சர்ல ‘படார்’னு வெடிக்கும், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரியுறதுதான் அது. புகைக்குழாய் வாய்க்குப் பக்கத்துல ஒரு ரசீதுத் தாளைப் பிடிச்சுப் பாருங்க, குழாயைத் தொட்டுடாதீங்க, சுட்டுடும். நல்ல இன்ஜின்னா தாள் ஒரே சீரா வெளியே தள்ளப்படும். மிஸ் இருந்தா விட்டு விட்டு அடிக்கும், சில சமயம் உள்ளே இழுக்கும். பழைய வண்டி வாங்கப் போறப்ப இந்தத் தாள் சோதனையை அவசியம் பண்ணுங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போது உங்க முன்னாடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீங்க போறதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா, “நாளைக்குக் காலையில வர்றோம்”னு சொல்லிட்டு வந்துடுங்க.

எரியறதுக்கு நாலு விஷயம் சரியா இருக்கணும். தீப்பொறி, பெட்ரோல் காத்துக் கலவை, அழுத்தம், இந்த மூணும் சேர்ற நேரம். எந்த மிஸ்ஸிங்கா இருந்தாலும் காரணம் இந்த நாலுக்குள்ளதான் இருக்கும். வெளியே இருந்து சுலபமாப் பார்க்கக்கூடியதும், குறைஞ்ச செலவுல முடியறதும் தீப்பொறி. இன்ஜினைப் பிரிச்சுப் பார்க்க வேண்டியது அழுத்தம். அதனால பார்க்கிற வரிசை தீப்பொறியில ஆரம்பிச்சு அழுத்தத்துல முடியணும். பல இடத்துல இது தலைகீழா நடக்குது, முதல் வார்த்தையே “இன்ஜின் இறக்கணும்” என்பதா இருக்கு.

நம்ம கூட்டமைப்புக்குள்ள நடந்ததைச் சொல்றேன். குழுப் பேர் வேண்டாம். நாலு உறுப்பினர்கள் சேர்ந்து மஞ்சள் போர்டு ஆம்னி வச்சிருக்காங்க. ஐப்பசி மழையில வண்டி உதற ஆரம்பிச்சது. ஒரு பட்டறையில இன்ஜின் போர் போயிடுச்சு, இறக்கி வேலை செய்யணும், 35,000 ஆகும்னு சொன்னாங்க. இன்னொரு இடத்துல கார்புரேட்டரை மாத்தணும்னு சொன்னாங்க. அடுத்த மாசம் தீபம். அந்தப் பத்து நாள்ல ஓடுறதை நம்பித்தான் மூணு மாசத் தவணையே இருக்கு. வீட்டுக்காரங்க எல்லாம் “நகையை வச்சுட்டு வேலையை முடி”ங்கிறாங்க. அந்தக் குழு ஊக்குநர் மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க: “மூணு சிலிண்டர்ல எது வேலை செய்யல?” ரெண்டு இடத்துலயும் பதில் இல்லை.

அவங்ககிட்ட இருந்தது ஒரு நாப்பது பக்க நோட்டு. டிரைவரா இருக்கிற உறுப்பினர் தினம் எழுதி வச்சிருந்தாங்க. “காலை மழை, இழுக்கல. மதியம் சரி.” “காலை மழை இல்ல, சரி.” “ராத்திரி பனி, காலை ஸ்டார்ட் ஆக லேட், உதறுது. பத்து மணிக்கு மேல சரி.” மூணாவதா ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போனாங்க. அவர் சீட்டைத் தூக்கறதுக்கு முன்னாடி நோட்டைத்தான் படிச்சார். இன்ஜின் தேஞ்சிருந்தா பத்து மணிக்குன்னு பார்த்து அது தானா சரியாகாது, ஈரத்துல மட்டும் வருதுன்னா கரண்ட் எங்கேயோ கசியுதுன்னு சொன்னார். “சாயங்காலம் வரைக்கும் இருங்க”ன்னார். இருட்டினதும் சீட்டைத் தூக்கி, விளக்கை அணைச்சுட்டு ஸ்டார்ட் பண்ணார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல மெல்லிசா நீலமா ஒரு கோடு ஓடிச்சு. மூடியில முடி மாதிரி ஒரு விரிசல். ஈரம் அதுக்குள்ள போய் உக்கார்ந்துக்கிட்டா தீப்பொறி பிளக்குக்குப் போகாம விரிசல் வழியா ஓடிடுது. வெயில் ஏறினதும் காய்ஞ்சு சரியாயிடுது. மூடி, உள்ளே சுத்துற ரோட்டர், வயர் செட்டு எல்லாம் புதுசு மாத்தி, கூலியும் சேர்த்து 2,000-த்துக்குள்ள முடிஞ்சது.

முதல் ரெண்டு பட்டறையும் ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல வரல. பகல்ல, காய்ஞ்ச நேரத்துல வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினா அந்தக் கோளாறு அங்கே தெரியவே தெரியாது. எப்போ, எந்த நிலையில வருதுங்கிறதை நாமதான் சொல்லணும். அதைக் கேட்காம விலை சொல்றவர்கிட்ட மட்டும் ஜாக்கிரதையா இருங்க.

1989-இல் தர்மபுரியில மகளிர் குழுக்கள் தொடங்கின காலத்துல இருந்து நமக்குச் சொல்லிக் குடுத்தது, எதையும் புத்தகத்துல எழுதுன்னுதான். தீர்மானப் புத்தகம் வைக்கிற கைக்கு வண்டி நோட்டு ஒண்ணும் பெரிசு இல்லை. தேதி, கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், அன்னிக்கு மிஸ் வந்ததா, வந்தா குளிர்ந்த இன்ஜினா சூடானதா, மழையா வெயிலா, ஏத்தமா சமமா, நின்ன இடத்துலயா வேகத்துலயா. இவ்வளவு போதும்.

இனி நாமே என்ன பார்க்கலாம்? முதல்ல பாதுகாப்பு. புடவைத் தலைப்பை இடுப்புல இறுக்கிச் செருகுங்க, துப்பட்டாவைக் கழட்டி வைங்க, பின்னலைக் கொண்டையாப் போடுங்க, வளையலும் தாலிச்செயினும் தொங்கக் கூடாது. ஓடுற பெல்ட் துணியைப் பிடிச்சா கையும் கூடப் போகும். ரேடியேட்டர் ஃபேன் சூட்டைப் பார்த்துத் தானாவே சுத்தும், அதுக்குள்ள விரலை விடாதீங்க. பெட்ரோல் வாசனை பலமா வந்தா ஸ்டார்ட் பண்ணவே கூடாது, முதல்ல கசிவைப் பார்க்கணும். பிளக் வயர்ல போறது பேட்டரியோட 12 வோல்ட் இல்லை, காயில் அதைப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல ஏத்தி அனுப்புது. ஓடும்போது வெறும் கையால தொடாதீங்க. இதயத்துல பேஸ்மேக்கர் வச்சவங்க பக்கத்துலயே வர வேண்டாம்.

எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்கிற வழி இது. பழைய மெக்கானிக்குகள் ஓடும்போதே பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பாங்க. அதை நீங்க பண்ண வேண்டாம். உங்களுக்கு ஷாக் அடிக்கும், அதுபோக எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில வயரை அந்தரத்துல விட்டா காயிலே போயிடலாம். இப்படிப் பண்ணுங்க. இன்ஜினை அணைச்சுட்டு முதல் பிளக்கோட வயரைக் கழட்டுங்க. அந்த முனையில வேற ஒரு உதிரி பிளக்கைச் செருகி, அதோட இரும்பு உடம்பு இன்ஜின் மேல நல்லாத் தொடுற மாதிரி நிலையா வைங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணி சத்தத்தைக் கேளுங்க, கை வைக்காதீங்க. முன்னைவிட மோசமா உதறினா அந்த சிலிண்டர் அதுவரைக்கும் நல்லா வேலை செஞ்சதுன்னு அர்த்தம். உதறல்ல எந்த மாத்தமும் இல்லைன்னா அதுதான் சோம்பேறி. அணைச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. ஒவ்வொண்ணுக்கும் சில விநாடி போதும். இன்ஜெக்டர் வச்ச, எம்.பி.எஃப்.ஐ. வண்டின்னா எரியாத பெட்ரோல் புகைக்குழாயில இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும், அதனால அதுல இந்த வேலையை மெக்கானிக் இன்ஜெக்டர் பிளக்கைக் கழட்டிப் பண்ணட்டும்.

மூணுமே ஒரே மாதிரி சோம்பலா இருந்தா? அப்ப ஒரு பிளக், ஒரு வயர் காரணமா இருக்காது. மூணுக்கும் பொதுவா இருக்கிறதைப் பார்க்கணும், அதாவது காயில், பழைய வண்டியில பாயிண்டும் கண்டன்சரும், கார்புரேட்டர், பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர்.

சோம்பேறி யாருன்னு தெரிஞ்சதும் இன்ஜின் நல்லா ஆறின பிறகு அந்த பிளக்கைக் கழட்டுங்க. பிளக் மூக்கைப் பார்த்தா டாக்டர் நாக்கைப் பார்க்கிற மாதிரி பாதி விஷயம் தெரியும். வெளிர் பழுப்பா, டீத்தண்ணி நிறத்துல இருந்தா நலம். காய்ஞ்ச கரியா படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகமாப் போகுது, அல்லது காத்து வரல. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்க, சோக் இழுத்தபடியே நிக்குதா பாருங்க. நம்ம கிராமத்து மண் ரோட்டுக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா தீப்பொறி வரல. ஆயில்ல வழுவழுன்னு இருந்தா ஆயில் மேலே ஏறுது, ரிங்கோ வால்வு பக்கத்து சீலோ தேஞ்சிருக்கலாம், இது செலவு வைக்கிற அடையாளம். வெள்ளை வெளேர்னு கொப்புளமா இருந்தா அதிகச் சூடு, ரேடியேட்டர் தண்ணியும் பாருங்க.

அப்புறம் இடம் மாத்திப் பாருங்க. ரெண்டாவது சிலிண்டர் பிளக்கை முதலாவதுல போட்டு, முதலாவதை ரெண்டாவதுல போடுங்க. கோளாறும் கூடவே முதலாவதுக்குப் போனா பிளக்தான் குற்றவாளி. இடம் மாறல, ரெண்டாவதுலயே இருக்குன்னா பிளக் பழி இல்லாதது. அடுத்து வயரை, நீளம் எட்டினா, அதே மாதிரி மாத்திப் பாருங்க. நல்ல சாமானைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குற செலவு இந்த ஒரு பழக்கத்துல மிச்சமாகும். வயர்களைக் கழட்டும்போது 1, 2, 3-ன்னு பேப்பர் ஒட்டி வைங்க. மாறிப் போச்சுன்னா இல்லாத கோளாறு ஒண்ணு புதுசா வந்துடும்.

பிளக் திரும்பப் போடும்போது ஒரு எச்சரிக்கை. இந்த இன்ஜின் தலைப்பகுதி அலுமினியம். பிளக்கை முதல்ல விரலால மட்டும் திருகுங்க, லேசா ஏறலைன்னா எடுத்துட்டு மறுபடி வைங்க. கடைசியிலதான் ஸ்பேனர். பலம் காட்டினா மரை போயிடும், பிளக் விலை எங்கே, மரை போட்டு வாங்குற செலவு எங்கே. மூக்கு இடைவெளி கார்புரேட்டர் வண்டிக்கு சுமார் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ்னு தகடு கிடைக்கும், வாங்கி வச்சுக்குங்க. இன்ஜெக்டர் வண்டிக்கு அளவு வேற, வண்டிக் கையேட்டுல இருக்கும்.

ரப்பர் குழாய்களையும் விரலால வளைச்சுப் பாருங்க. வெடிச்சிருந்தா கணக்கில்லாத காத்து உள்ளே போய் கலவை மெலிஞ்சு மிஸ் வரும். நிக்கும்போது உதறும், வேகத்துல சரியாப் போகும், இதுதான் அதுக்கு அடையாளம். இதுல இப்போ ஒரு புது விஷயமும் சேர்ந்திருக்கு. நாட்டுல பெட்ரோல்ல எத்தனால் கலக்கிற அளவு 2025-இல் 20 சதவீதத்தைத் தொட்டுடுச்சு. 2019-லயே தயாரிப்பு நின்ன ஆம்னியோட ரப்பர் சாமான் இந்த அளவுக்காகச் செஞ்சது இல்லை. மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய ரப்பர் குழாய் சீக்கிரம் இறுகலாம், உப்பலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால வண்டியை மாசக்கணக்குல டேங்க்ல பெட்ரோலோட நிறுத்தி வைக்காதீங்க. பெட்ரோல் குழாயும் ஃபில்டரும் பழசா இருந்தா மாத்திடுங்க, கசிஞ்சா சீட்டுக்குக் கீழேயேதான் கசியும், மறந்துடாதீங்க.

கேஸ்ல ஓடுற ஆம்னி வச்சிருக்கவங்களுக்கு: கேஸைப் பத்த வைக்க பெட்ரோலைவிட பலமான தீப்பொறி வேணும். அதனால பிளக், வயர் சோர்ந்து போனா முதல்ல கேஸ்லதான் மிஸ் தெரியும். ஸ்விட்சைப் பெட்ரோலுக்கு மாத்திப் பாருங்க, சரியாப் போனா பிளக்கையும் கேஸ் கிட்டையும் பாருங்க. இதைப் பத்திப் பேசும்போது இன்னொண்ணையும் சொல்லித்தான் ஆகணும். வீட்டு சிலிண்டர்ல இருந்து வண்டிக்கு கேஸ் ஏத்துறது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அதுல மிச்சமாகிற காசு எனக்குத் தெரியும், கணக்கு போட்டுக் காட்ட வேண்டாம். அந்த வண்டியில பள்ளிப் பிள்ளைங்களை ஏத்துறதைப் பார்த்தா எனக்கு அடிவயிறு கலங்குது.

தீப்பொறியும் சரி, பெட்ரோலும் சரி, ஒரே சிலிண்டர் விடாம மிஸ் ஆகுதுன்னா அப்பதான் அழுத்தம். இதை நாம பண்ண முடியாது, மெக்கானிக்கிட்ட “கம்ப்ரஷன் கேஜ் போட்டு மூணு சிலிண்டரோட அளவையும் எழுதிக் குடுங்க”ன்னு கேளுங்க. மூணும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கணும், ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவா இருக்கிற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பாங்க. அளவு ஏறினா ரிங் தேஞ்சிருக்கு, ஏறலைன்னா வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டும் குறைஞ்சா நடுவுல கேஸ்கட் போயிருக்குன்னு சந்தேகப்படலாம். இந்த அளவுகளை எழுதிக் காட்டினவர் இன்ஜின் இறக்கணும்னு சொன்னா நம்புங்க, தள்ளிப் போடாதீங்க.

இதைச் சொல்றதுக்கும் காரணம் இருக்கு. முதல்ல சொன்ன குழு கதை பரவினதும் இன்னொரு குழுவுல “எல்லாம் மூடி மாத்தினா சரியாயிடும்”னு முடிவு பண்ணிட்டாங்க. அவங்க வண்டிக்கு மழை வெயில் வித்தியாசமே இல்லை, எப்பவும் அதே மூணாவது சிலிண்டர்தான். பிளக் மாத்தியும் போகல, வயர் மாத்தியும் போகல. கம்ப்ரஷன் பார்க்கச் சொன்னதை சீசன் முடியட்டும்னு விட்டுட்டாங்க. டேப்பட் இடைவெளி இறுகி, வால்வு முழுசா மூடாம ஓடி ஓடிக் கருகிப் போச்சு. ஆரம்பத்துலயே பார்த்திருந்தா டேப்பட் சரி பண்றதோட முடிஞ்சிருக்கலாம். ஹெட்டைக் கழட்டி வால்வு மாத்தற வேலை ஆயிடுச்சு. ரெண்டு மாசத் தவணை பாக்கி, உங்களுக்கே தெரியும்.

2010-க்குப் பிறகு வந்த வண்டியில இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு உண்டு. அது நின்னு எரிஞ்சா சீக்கிரம் காட்டுங்க. விட்டு விட்டு மின்னினா மிஸ்ஸிங் கடுமையா இருக்குன்னு அர்த்தம், ஓரங்கட்டுங்க. ஸ்கேனர் மாட்டிப் பார்த்தா ‘பி 0301’, ‘பி 0302’ன்னு நம்பர் வரும், கடைசி எண்தான் சிலிண்டர். ஸ்கேனர் சிலிண்டரைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. நம்பர் வந்ததுன்னு உடனே காயிலை மாத்தச் சொன்னா, “இடம் மாத்திப் பார்த்தீங்களா அண்ணே?”ன்னு மரியாதையாக் கேளுங்க. டாடா ஏஸ் மாதிரி டீசல் வண்டியில தீப்பொறி பிளக்கே கிடையாது, அது வேற பாடம், வேற நாள் பேசலாம்.

பட்டறையில பேசுற விதம் பத்தி ரெண்டு வார்த்தை. வேலைக்கு முன்னாடி என்னென்ன சாமான், கூலி எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. கழட்டின பழைய சாமானை ஒரு கவர்ல போட்டுத் தரச் சொல்லுங்க, தர மாட்டேன்னா ஏன்னு கேளுங்க. ஒரே நேரத்துல நாலு சாமானை மாத்த விடாதீங்க, எது மாத்தினதுல சரியாச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போகும். 10,000-த்துக்கு மேல செலவுன்னா குழுவுல தீர்மானம் போட்ட பிறகுதான் சரின்னு சொல்லணும்னு ஒரு விதி வச்சுக்கிட்டா, “வீட்ல கேட்டுட்டு வர்றேன்”னு தயங்க வேண்டியதில்லை, “குழுவுல கேட்கணும்”னு சொல்லலாம். அப்புறம் மஞ்சள் போர்டு, எஃப்.சி., இன்சூரன்ஸ் மூணும் நடப்புல இருக்கணும். வெள்ளை போர்டுல வாடகைக்கு ஆள் ஏத்தி ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கையை விரிச்சுடுவாங்க.

சாப்பாட்டுக்குப் பிறகு கீழே ஒரு ஆம்னி நிக்கும். உறுப்பினர் ஒருத்தர் அவங்க வண்டியைக் குடுத்திருக்காங்க. அதுல எந்த சிலிண்டர் சரியில்லைன்னு நான் யாருக்கும் சொல்லல, மெக்கானிக் அண்ணனும் சொல்ல மாட்டார். உதிரி பிளக், ஃபீலர் கேஜ், பேப்பர் எல்லாம் வச்சிருக்கோம். அஞ்சு அஞ்சு பேரா வாங்க, தலைப்பைச் செருகிக்கிட்டு. கண்டுபிடிக்கிற அணி சிலிண்டர் எண்ணை ஒரு சீட்டுல எழுதி ஊக்குநர்கிட்ட குடுங்க, மத்தவங்க காதுல போடாதீங்க.